துடைப்பத்தால் எழுதிய தேர்வு

கையிலே துடைப்பம். எதிரிலே காலி வகுப்பறை. வயது 16. உடுத்தியிருப்பது கந்தல், அதுவும் பல நாட்களாகத் துவைக்காத கந்தல். பையிலே எஞ்சியிருப்பது அரை டாலர். ஏறத்தாழ 500 மைல் கடந்து வந்திருக்கிறான் அந்தக் கறுப்பினச் சிறுவன், படிக்கவேண்டும் என்ற ஒரே ஆசையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு. வாசலில் நின்றவனைத் தலைமை ஆசிரியை ஏற இறங்கப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டிருந்தார். இவன் மட்டும் காத்துக் கிடந்தான். சில மணி நேரம் சென்றபின், பக்கத்து அறையைப் பெருக்கவேண்டும் என்று சொல்லித் துடைப்பத்தைக் காட்டினார்.

பெருக்கினான். ஒரு முறையல்ல, மூன்று முறை. பிறகு துணி எடுத்துத் துடைத்தான், நான்கு முறை. பெஞ்சுகளையும் மேசைகளையும் நகர்த்தி மூலை முடுக்கெல்லாம் சுத்தம் செய்தான். அலமாரிகளின் உட்புறத்தையும் விடவில்லை. ஆசிரியை வந்தார். தரையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மரச்சட்டங்களின் மீது தேய்த்தார், மேசை மீது தேய்த்தார். வெள்ளைக் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பள்ளியில் சேர்ந்துகொள்ளலாம் என்று அடக்கமாகச் சொன்னார்.

அவ்வளவுதான் நுழைவுத் தேர்வு! பேனா இல்லை, தாள் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. துடைப்பத்தால் எழுதினான், தேறினான்.

ஆண்டு 1872. இடம் அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஹாம்ப்டன். ஆசிரியையின் பெயர் மேரி மாக்கி. சிறுவன்தான் பிற்காலத்தில் உலகம் அறிந்த புக்கர் டி. வாஷிங்டன். 1901-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதிவைத்த நிகழ்ச்சி இது. வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவரோடு உணவருந்திய ஆண்டும் அதே 1901தான். 

தோழர்களே, அந்தத் துடைப்பம் வரையிலே அவன் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். வழி எளியதல்ல.

1856-இல் வர்ஜீனியாவிலே ஒரு பண்ணையில் பிறந்தான், அடிமையாக. தாய் ஜேன், பண்ணையின் சமையற்காரி. தந்தை யாரோ ஒரு வெள்ளையர். பெயர்கூடத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சன்னலுக்குக் கண்ணாடி இல்லாத குடிசை, மண் தரை, கந்தல் படுக்கை. ஆளியின் கழிவு நாரிலே நெய்த சட்டை ஒன்றுதான் உடை. புதிதாக அணியும்போது நூறு முட்கள் ஒருசேரக் குத்துவதுபோல் இருக்குமாம். அண்ணன் ஜான், தம்பியின் புதுச்சட்டையைத் தானே சில நாள் அணிந்து, முரட்டுத்தனம் போனபிறகு கொடுப்பான். பள்ளிக்கூடம் சொல்லித்தந்த அன்பல்ல அது; பசி சொல்லித்தந்த அன்பு.

பள்ளிக்கூடத்தை அவன் பார்க்கவில்லையா? பார்த்தான், வாசல் வரையில். எசமான் வீட்டுப் பெண்ணின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போவான். வாசற்படியோடு அவன் எல்லை முடிந்தது. உள்ளே பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து படிப்பதைக் கண்டு, சொர்க்கம் என்று சொல்கிறார்களே, அது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அடிமைகளைக் கூட்டிவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை அந்த மாநிலத்தின் சட்டம் குற்றமாக்கியிருந்தது. புத்தகத்தைச் சுமக்கலாம், புரட்டக்கூடாது! சுமை தூக்க அனுமதி, சுவை பார்க்கத் தடை! இந்த நீதியை நாம் வேறு எங்கேயும் கேள்விப்பட்டதில்லை என்று சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள்.

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை விலங்கு அறுந்தது. தாயும் பிள்ளைகளும் நூற்றுக்கணக்கான மைல்களைப் பெரும்பாலும் கால்நடையாகக் கடந்து, மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே மாற்றாந்தந்தைக்கு உப்புக் காய்ச்சும் உலையில் வேலை. சிறுவனும் அதே உலைக்குப் போனான், விடியற்காலை 4 மணிக்கெல்லாம். உப்புப் பீப்பாய்களிலே ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண்; மாற்றாந்தந்தையின் எண் 18. நாள் முழுதும் அந்த எண்ணையே பார்த்துப் பார்த்து, மண்ணிலே எழுதிப் பழகினான். உலகத்தில் அவன் முதன்முதல் படித்த பாடம் அதுதான். அரிச்சுவடி அல்ல, ஆத்திசூடி அல்ல. உப்புப் பீப்பாயின் முதுகிலே இருந்த பதினெட்டு.

தாய் எங்கிருந்தோ ஓர் எழுத்துக்கூட்டும் புத்தகம் வாங்கி வந்தாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. அக்கம்பக்கத்துக் கறுப்பர் எவருக்கும் தெரியாது. கேட்க ஆளில்லாமலே எழுத்துக்களைப் பெரும்பாலும் கற்றுக்கொண்டான். பிறகு ஊரிலே கறுப்பர் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி திறந்தார்கள். முதியவர்கள்கூடச் சேர்ந்தார்கள். இவனுக்கோ, உலையிலிருந்து கிடைத்த கூலியை இழக்க மாற்றாந்தந்தைக்கு மனமில்லை. அவரைக் குறைசொல்லி என்ன பயன்? வறுமை ஒருவனைக் கல்நெஞ்சனாக்கும் என்பது, வாரக்கூலி வாங்கும் தோழர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இரவில் படித்தான். கெஞ்சினான். கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது: விடியற்காலை முதல் 9 மணி வரை உலையில் வேலை, பள்ளி விட்டதும் மீண்டும் இரண்டு மணி நேரம் வேலை.

ஆனால் பள்ளி தொடங்குவதும் 9 மணிக்கு! இடையே தொலைவு வேறு. போவதற்குள் வகுப்புப் பாடம் நடந்துவிடும். சிறுவன் ஒரு வழி கண்டான். உலை அலுவலகத்திலே ஒரு கடிகாரம். நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள், முடிப்பார்கள். எட்டரை மணிக்கு நம் சிறுவன் அதன் முள்ளைப் பிடித்து ஒன்பதுக்குத் தள்ளிவிட்டு, பள்ளிக்கு ஓடிவிடுவான். நாள்தோறும் இப்படி. ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்ட மேற்பார்வையாளர், கடைசியில் கடிகாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். யாருக்கும் தீங்கு செய்ய நினைக்கவில்லை, பள்ளிக்கு நேரத்தோடு போக நினைத்தேன் என்று பின்னாளில் எழுதுகிறார். முதலாளியின் நேரத்தில் அரை மணியைத் திருடிப் படித்த பிள்ளை! அவன் திருடியது அதிகமா, அவனிடமிருந்து திருடப்பட்டது அதிகமா என்ற கணக்கை நாம் இங்கே போடவில்லை.

பள்ளியிலே இரண்டு சங்கடங்கள் காத்திருந்தன. மற்றப் பிள்ளைகள் தலையிலே கடையில் வாங்கிய தொப்பி. இவனுக்குத் தொப்பியே இல்லை. கடன்பட்டுத் தொப்பி வாங்கித் தர மறுத்த தாய், முரட்டுத் துணி இரண்டு துண்டை ஒன்றாகத் தைத்துத் தலையில் வைத்தாள். கேலி செய்தார்கள், பொறுத்துக்கொண்டான். மற்றொன்று பெயர். ஆசிரியர் வருகைப்பதிவுக்காகப் பெயர் கேட்கிறார்; ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பெயர், மூன்று பெயர் சொல்கிறது. இவனுக்கு இருந்ததோ புக்கர் என்ற ஒரே பெயர். அடிமைக்கு எதற்கு இரண்டு? தன் முறை வரும்வரை யோசித்தான். எழுந்து நின்று, புக்கர் வாஷிங்டன் என்று அமைதியாகச் சொன்னான், பிறந்தது முதல் அப்படியே அழைக்கப்பட்டவன்போல! பெற்றவர் வைக்காத பெயரைப் பள்ளிக்கூடப் பதிவேட்டிலே தானே எழுதிக்கொண்டான்.

பிறகு நிலக்கரிச் சுரங்கம். இருட்டும் கரியும் மரண பயமும். ஒருநாள் இரண்டு தொழிலாளிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: வர்ஜீனியாவில் கறுப்பருக்கென்று பெரிய பள்ளி இருக்கிறதாம், ஏழைப் பிள்ளைகள் வேலை செய்து செலவை ஈடுகட்டலாமாம். ஓசைப்படாமல் ஊர்ந்து அருகே போய்க் கேட்டான். அது எங்கே இருக்கிறது, எத்தனை மைல், எப்படிப் போவது, ஒன்றும் தெரியாது. ஹாம்ப்டன் என்ற சொல் மட்டும் நெஞ்சிலே ஏறிக்கொண்டது.

அவன் புறப்பட்ட அன்று ஊரிலிருந்த முதிய கறுப்பர்கள் வந்து, ஒருவர் காசு கொடுத்தார், ஒருவர் கைக்குட்டை கொடுத்தார். தங்கள் வாழ்நாளெல்லாம் அடிமைகளாகக் கழித்தவர்கள். தங்கள் இனத்துப் பிள்ளை ஒருவன் உறைவிடப் பள்ளிக்குப் போகும் நாளைக் காண்போம் என்று அவர்கள் எண்ணியதே இல்லை. வழியிலே ஒரு விடுதியில் தோலின் நிறம் பார்த்து இடம் மறுத்தார்கள். குளிர் தாங்க இரவெல்லாம் நடந்து கழித்தான். ரிச்மண்டு நகரம் வந்தபோது கையில் காசே இல்லை. மரப்பலகை நடைபாதைக்கு அடியிலே புகுந்து படுத்தான், தலைக்குமேல் காலடி ஓசை கேட்க. விடிந்ததும் கப்பலொன்றில் இரும்பு இறக்கும் வேலை கிடைத்தது. கூலியை மிச்சப்படுத்த, பல இரவுகள் அதே பலகைக்கு அடியிலேயே படுத்தான். ஆண்டுகள் சென்றபின் அதே ரிச்மண்டில், அந்த இடத்திற்கு அருகிலேயே, கறுப்பின மக்கள் அவருக்கு மாபெரும் வரவேற்பு அளித்தார்கள். கூட்டத்திலே நிற்கையில் தம் நினைவெல்லாம் அந்தப் பலகையின் மேல்தான் இருந்தது என்கிறார்.

ஹாம்ப்டனிலே என்ன படித்தான்? கணக்கும் இலக்கணமும் படித்தான், உண்மை. ஆனால் அவர் எழுதியதைப் படிக்கும்போது நமக்கு மனத்திலே நிற்பவை வேறு. குறித்த நேரத்தில் உண்பது, மேசை விரிப்பில் உண்பது, குளிப்பது, பல் துலக்குவது. படுக்கையிலே இரண்டு விரிப்புகள் போட்டிருந்தார்கள். முதல் நாள் இரண்டுக்கும் அடியிலே படுத்தான். இரண்டாம் நாள் இரண்டுக்கும் மேலே படுத்தான். மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, ஒன்று கீழே, ஒன்று மேலே என்பதை மூன்றாம் நாள் கற்றான். நகைக்கத் தோன்றுகிறதா? முதன்முதல் நாற்காலியிலே அமரும்போது, முதன்முதல் மேடையிலே ஏறும்போது, கை கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தவர்கள் நம்மிலே எத்தனை பேர்! நாமும் அந்தப் பட்டியலில் உண்டு.

பள்ளியைப் பெருக்குவதும், விடியற்காலையில் எழுந்து கணப்பு மூட்டுவதும் அவன் வேலை. அதனால் சாப்பாட்டுச் செலவு பெரும்பாலும் கழிந்தது. ஆண்டுச் சம்பளமான 70 டாலரை ஒரு வெள்ளையர் நன்கொடையாகக் கட்டினார். இடம் போதாமல் மாணவர்களைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தபோது, பள்ளியை நிறுவிய ஜெனரல் ஆம்ஸ்டிராங், மூத்த மாணவர்கள் குளிர்காலத்தைக் கூடாரங்களில் கழிக்க முன்வருவார்களா என்று கேட்டார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு முன்வந்தார்கள். கடுங்குளிரிலே காற்று கூடாரத்தையே பெயர்த்துக்கொண்டு போன இரவுகள் உண்டு. இன்னொரு பிள்ளை படிக்க இடம் வேண்டும் என்பதற்காக!

மற்றொரு செய்தி. ஒரு விடுமுறையின் முடிவில், பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே வந்து உதவும்படி மேரி மாக்கி எழுதினார். போனான். அந்த இரண்டு வாரமும், வடபகுதியின் பழங்குடும்பத்திலே பிறந்த, நன்றாகப் படித்த அந்த வெள்ளைப் பெண்மணி, அவனோடு நின்று சன்னல்களைக் கழுவினார், அறைகளைத் துடைத்தார். அங்கேதான் அந்தத் துடைப்பத் தேர்வின் பொருள் நமக்கு விளங்குகிறது. நாம் படித்த பள்ளியிலும் துடைப்பம் இருந்தது. பாடம் ஒப்பிக்காதவனுக்குத் தண்டனையாகக் கொடுப்பார்கள். ஒப்பித்தாலும் சில தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பார்கள். ஆசிரியர் அதைத் தொட்டு நாம் கண்டதில்லை. ஒருவன் கையிலே மட்டும் இருக்கிற துடைப்பம் இழிவு. எல்லார் கையிலும் சுற்றிவருகிற துடைப்பம் பாடம். ஹாம்ப்டனிலே அது பாடமாக இருந்தது.

1875-இல் படிப்பு முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டு விடுமுறையிலேயே தாய் இறந்துவிட்டாள். மகன் படித்து முடித்ததை அந்த எழுத்தறியாத தாய் பார்க்கவில்லை. மால்டனுக்கே திரும்பிப் போய்ச் சில ஆண்டு ஆசிரியராக இருந்தார். பகலிலே பிள்ளைகளுக்கு, இரவிலே உழைத்துக் களைத்துவரும் பெரியவர்களுக்கு.

1881-இல் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற ஊரிலே கறுப்பருக்கு ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வைக்க அரசு இசைந்தது. தலைமைக்கு ஒரு வெள்ளையரை அனுப்பக் கேட்டார்கள். ஆம்ஸ்டிராங் இவரை அனுப்பினார். வயது 25. போய்ப் பார்த்தால், ஆசிரியர் சம்பளத்திற்கென்று ஆண்டுக்கு 2000 டாலர் உண்டு, பள்ளி இல்லை! நிலம் இல்லை, கட்டிடம் இல்லை, பலகை இல்லை. ஒரு தேவாலயமும் அருகிலே ஒரு பாழ் குடிலும் கிடைத்தன. ஜூலை 4-ஆம் நாள் 30 பேரோடு தொடங்கினார். மழை பெய்தால் ஒரு மாணவன் பாடத்தை நிறுத்திவிட்டு எழுந்துவந்து ஆசிரியர் தலைக்குமேல் குடை பிடிப்பான். மற்றவர்கள் பாடம் ஒப்பிப்பார்கள்.

பிறகு 500 டாலருக்கு ஒரு பாழ்பண்ணை வாங்கினார், பாதிப் பணத்தைக் கடன் வாங்கி. குதிரைக் கொட்டிலும் கோழிக் கூண்டும் வகுப்பறைகள் ஆயின. பகலிலே கோழிக் கூண்டைச் சுத்தம் செய்யச் சொன்னபோது, உதவிக்கு வந்த முதியவர் திகைத்துப்போனாராம்: கோழிக் கூண்டைப் பட்டப்பகலில் யாராவது சுத்தம் செய்வார்களா என்று! காடு வெட்டவேண்டும் என்றதும் மாணவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களில் பலர் ஏற்கனவே ஆசிரியர்கள்; படித்தவன் கையிலே கோடரியா? வாஷிங்டன் பேசவில்லை. கோடரியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு தாமே காட்டுக்குள் நடந்தார். பின்னால் வந்தார்கள்.

கட்டிடம் வேண்டும், செங்கல் வேண்டும். ஊரிலே செங்கற்சூளை இல்லை. மாணவர்களை வைத்துச் சூளை போடலாம் என்று துணிந்தார். சூளையில் வேலைபார்த்த தோழர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அது அவ்வளவு எளிய வேலையா! முழங்கால் சேற்றிலே நின்று மண் மிதிக்கவேண்டும். அதற்கே சில மாணவர்கள் பள்ளியைவிட்டுப் போய்விட்டார்கள். 25,000 செங்கல் அறுத்துச் சூளை அடுக்கினார்கள், வேகவில்லை. இரண்டாவது சூளை, அதுவும் பாழ். மூன்றாவது சூளை ஒரு வாரம் எரிந்தது. முடியப்போகும் தறுவாயிலே நடு இரவில் சரிந்து விழுந்தது. ஆசிரியர்களே போதும் போதும் என்றார்கள். கையிலே ஒரு டாலர்கூட இல்லை. தம்மிடம் பல காலமாக இருந்த பழைய கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மாண்ட்கோமரி நகரத்து அடகுக் கடைக்குப் போனார். 15 டாலர் கிடைத்தது. நான்காவது சூளை வெந்தது.

கடிகாரத்தை மீட்கவே இல்லை. தவணை தவறி முழுகிப்போயிற்று. உலை முதலாளியின் கடிகார முள்ளைத் தள்ளிப் படித்தவன், சொந்தக் கடிகாரத்தைத் தள்ளி மாணவர்க்குப் படிப்பளித்தான். இருபது ஆண்டுக்குள் டஸ்கீகி மாணவர்கள் ஒரு பருவத்தில் 12 லட்சம் செங்கல் அறுத்தார்கள். கறுப்பன் படித்தால் கெட்டுப்போவான் என்று சொல்லிக்கொண்டிருந்த வெள்ளையர்கள், வீடு கட்ட நல்ல செங்கல் வேண்டுமே என்று அந்தப் பள்ளியின் வாசலுக்கு வந்தார்கள்.

கந்தல் உடுத்திய ஒரு கிழவி, எழுபது வயது, தடி ஊன்றி வந்தாளாம். தன் வாழ்நாள் அடிமைத்தனத்திலே போயிற்று என்றும், இந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு இதை வைத்துக்கொள் என்றும் சொல்லி ஆறு முட்டைகளைக் கொடுத்தாள். பின்னாளில் கோடீசுவரர்களான கார்னகியும் ராக்பெல்லரும் அள்ளிக் கொடுத்தார்கள். எந்த நன்கொடையும் அந்த ஆறு முட்டைகளைப்போல் தம்மை உருக்கவில்லை என்கிறார்.

இங்கே நிறுத்தி, கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது நேர்மையாகாது. 1895 செப்டம்பர் 18-இல் அட்லாண்டா நகரத்துப் பொருட்காட்சியிலே அவர் பேசிய பேச்சு அவரைப் புகழின் உச்சியிலே வைத்தது. அந்தப் பேச்சுத்தான் தீராத பழியையும் தேடித்தந்தது. உரிமைக்கிளர்ச்சி இப்போதைக்கு வேண்டாம், தொழிலைக் கற்போம், நிலத்தை வாங்குவோம், சமுதாய வாழ்விலே வெள்ளையரிடமிருந்து தனித்தே இருந்துவிடலாம் என்ற கருத்தை அங்கே சொன்னார். வெள்ளையர்கள் ஆரவாரம் செய்தார்கள். செய்யமாட்டார்களா?

எதிர்த்து எழுந்தவர் டு பாய்ஸ். அவரும் கறுப்பர், ஆனால் அவருடைய பள்ளிக்கூடம் வேறு. அடிமைமுறை ஒழிந்தபின் 1868-இல் வடபகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஒருநாள் பிள்ளைகள் விளையாட்டாக முகவரிச் சீட்டுகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். புதிதாக வந்த ஒரு பெண் இவர் சீட்டை மட்டும் வாங்க மறுத்துவிட்டாள். தனக்கும் மற்றவர்க்கும் இடையிலே ஒரு திரை தொங்குகிறது என்பதை அன்று கற்றார். பாடத்திலே முந்தித் திரையைக் கிழிப்பேன் என்று படித்தவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் ஆனார், அதே 1895-இல். வாக்குரிமையை விட்டுக்கொடுத்து வாங்கும் செங்கலால் வீடு நிற்காது என்பது 1903-இல் அவர் எழுதியதன் சாரம். தச்சனுக்குப் பயிற்சி தேவைதான், தச்சன் பிள்ளைக்குப் பல்கலைக்கழகமும் தேவை என்றார்.

துடைப்பத்திலே தொடங்கியவர் துடைப்பத்தை நம்பினார். சீட்டு மறுக்கப்பட்டவர் அந்தச் சீட்டுக்காகவே போராடினார். சிறுவயதுப் பள்ளி இருவரையும் கடைசிவரை விடவில்லை. நாம் யார் பக்கம்? டு பாய்ஸ் பக்கம்தான், மறைக்கவில்லை. 1901-இல் அலபாமாவின் புதிய அரசியல் சட்டம் கறுப்பரின் வாக்கைப் பறித்தபோது, லட்சக்கணக்கான செங்கல்லும் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அதோடு சேர்த்து ஒன்றையும் சொல்லவேண்டும். அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தலைமை நீதிமன்றம் வரை போன வழக்குக்கு மறைவாகப் பணம் கொடுத்தவர் வாஷிங்டனே! 1903-இல் வழக்குத் தோற்றது. மேடையிலே பணிவு, மறைவிலே போர். வெளிப்படையாகப் போரிட்டிருந்தால் பள்ளியைக் கொளுத்தியிருப்பார்கள் என்று அவர் அஞ்சினார். தென்பகுதியில் கறுப்பர்களைக் கும்பல் கூடிக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட காலம் அது. அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று இங்கே பத்திரமாக அமர்ந்துகொண்டு எழுத நம் பேனா கூசுகிறது.

34 ஆண்டு அந்தப் பள்ளியை நடத்தினார். 30 பேரோடு தொடங்கியது, அவர் இறக்கும்போது 1500 மாணவர்கள், 100-க்கு மேற்பட்ட கட்டிடங்கள். நிலக்கடலையும் மண்ணும் ஆராய்ந்து புகழ்பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், 1896 முதல் அங்கேதான் ஆசிரியர்.

1915 நவம்பரிலே நியூயார்க்கில் நோயுற்று விழுந்தார். நாட்கள் அதிகமில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தெற்கிலே பிறந்தேன், தெற்கிலே உழைத்தேன், அங்கேயே சாகவேண்டும் என்று பிடிவாதமாக ரயிலேறினார். டஸ்கீகி வந்து சேர்ந்த சில மணி நேரத்தில், 14-ஆம் நாள், தம் வீட்டிலே கண்மூடினார். அந்த வீட்டைக் கட்டியவர்கள் அவர் மாணவர்கள். செங்கல் பள்ளிச் சூளையிலே வெந்தது.